எந்த முகவரிகளை ஸ்கேன் செய்வது? ஃபயர்வாலில் ஐபி வரம்பை அமைத்தல் குறித்து

நெட்வொர்க்கில் இருக்கும் சாதனங்களைத் தானே கண்டறிந்து பட்டியலிடும் வசதி போக்குவரத்தை வடிகட்டும் இன்றைய ஃபயர்வால்கள் பலவற்றில் இருக்கிறது. இல்லாதவற்றிலும் என்மேப் போன்ற கருவியை உடன் நிறுவியோ, பக்கத்தில் ஒரு ஸ்கேனர் கணினியை வைத்தோ அதே வேலையைச் செய்துகொள்ள முடிகிறது. எந்த வழியில் சென்றாலும் முதலில் நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்றே: எந்த ஐபி முகவரி வரம்பை ஸ்கேன் செய்ய வேண்டும் என்பது. அந்தக் கட்டத்தில் பலரும் 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 என்ற மூன்று வரம்புகளையும் (சாய்கோட்டுக்குப் பின் உள்ள எண் சிறிதாகச் சிறிதாக வரம்பு பெரிதாகும்) இட்டுவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுகிறார்கள். உள் நெட்வொர்க்குகளுக்கென 1996-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1918 என்ற இணையத் தர ஆவணம் ஒதுக்கிய முகவரிகள் இவ்வளவுதான், ஆகவே எதுவும் விட்டுப்போகாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்தக் காரணம் நிற்காது என்பதையும், எந்த முகவரிக்கு எந்த வழி என்று ஃபயர்வால் வைத்திருக்கும் ரவுட்டிங் டேபிளில் இருந்து பிரிவு பிரிவாக எடுத்து எழுதப்படும் வரம்புதான் நம்பத் தகுந்தது என்பதையும் இந்தப் பதிவில் விளக்க விரும்புகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 10.0.0.0/8 என்பதில் மட்டும் 1,67,77,216 முகவரிகள் உள்ளன. 172.16.0.0/12-இல் 10,48,576; 192.168.0.0/16-இல் 65,536. மூன்றும் சேர்ந்தால் ஒரு கோடியே 78 லட்சத்தைத் தாண்டுகின்றன. விநாடிக்கு 100 முகவரிகள் என்ற நிதானமான வேகத்தில், ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங்கை முகவரிக்கு ஒன்று மட்டும் அனுப்பினாலும், ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 50 மணி நேரம் ஆகும். பட்டியலின் தொடக்கத்தில் காணப்பட்ட மடிக்கணினி, ஸ்கேன் பட்டியலின் கடைசிக்கு வருவதற்குள் வேறு முகவரிக்கு மாறியிருக்கும். அதே சாதனம் இரண்டு இடங்களில் பதிவாகலாம். எங்குமே பதிவாகாமலும் போகலாம். நேரம் வீணாவதைவிட இந்தக் குழப்பம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது, ஏனெனில் அவ்வளவு நேரம் இழுத்து எடுக்கப்பட்ட பட்டியல் எந்த ஒரு தருணத்தின் நிலையையும் காட்டுவதில்லை.

இதைவிடக் கவலைக்குரிய விளைவு ஒன்று உண்டு. ஃபயர்வாலுக்குத் தெரியாத முகவரிக்குச் செல்லும் பாக்கெட் (தரவுத் துண்டு) எங்கே போகும்? குறிப்பான வழி இல்லாதபோது, 0.0.0.0/0 என்ற இயல்பு வழியைப் பிடித்து இணையச் சேவை நிறுவனத்தின் திசையில் அது வெளியேறிவிடும். உங்கள் வளாகத்தில் 10.20 என்று தொடங்கும் சில சப்நெட்கள் (முகவரிப் பிரிவுகள்) மட்டுமே இருக்க, நீங்கள் 10.0.0.0/8 முழுவதையும் ஸ்கேன் செய்யச் சொன்னால், மற்ற ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளுக்கான தேடல் பாக்கெட்டுகள் அனைத்தும் வெளி இணைப்பை நோக்கித் தள்ளப்படும். சேவை நிறுவனங்களும் தங்கள் உள் உபகரணங்களுக்கு இதே 10-இல் தொடங்கும் முகவரிகளைப் பயன்படுத்துவது வழக்கம். அவர்கள் தடுத்து வைக்கவில்லையென்றால் உங்கள் ஸ்கேன் அவர்களுடைய ரவுட்டரைத் தட்டும். 2012-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 6598 ஒதுக்கிய 100.64.0.0/10 வரம்பை, அது சேவை நிறுவனங்கள் பல சந்தாதாரர்களுக்குப் பொது முகவரியைப் பகிர்ந்து கொடுப்பதற்கானது என்று அறியாமல், தனியார் வரம்பு என்று எண்ணிச் சேர்த்துவிட்டாலும் இதே கதிதான். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினியையோ நெட்வொர்க்கையோ அணுகுவதை 43-ஆம் பிரிவில் இழப்பீட்டுக்கு உரிய செயலாக வைத்திருக்கிறது. வழக்கு வரை போகாவிட்டாலும், பிறர் சாதனங்களை அவர்கள் அறியாமல் தட்டிப் பார்ப்பது நாம் செய்யத்தக்க வேலை அன்று. ஸ்கேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூன்று தனியார் வரம்புகளுக்கும் ஃபயர்வாலில் ஒரு வெற்று வழியை (null route), அதாவது வேறு குறிப்பான வழி இல்லாத பாக்கெட்டை அங்கேயே கைவிடச் சொல்லும் வழியை, எழுதி வைத்துவிடுவது நல்லது. அது இருந்தால் எவர் தவறாக எழுதிய வரம்பும் வளாகத்தைத் தாண்டாது.

அப்படியானால் சரியான வரம்பை எங்கிருந்து எடுப்பது? எக்செல் கோப்பில் இருந்தோ, முன்பு பணியில் இருந்தவர் விட்டுச்சென்ற வரைபடத்தில் இருந்தோ எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. அவை எழுதப்பட்ட நாளின் நிலையைத்தான் சொல்லும். ஃபயர்வாலின் ரவுட்டிங் டேபிள் இன்றைய நிலையைச் சொல்கிறது, ஏனெனில் அதில் குறிப்பான வழி இல்லாத உள் சப்நெட்டுக்கு ஃபயர்வால் வழியாக எந்தப் போக்குவரத்தும் போய்ச் சேராது. நேரடியாக இணைந்த சப்நெட்கள், நிலையாக எழுதப்பட்ட வழிகள், ஓஎஸ்பிஎஃப் போன்ற நெறிமுறை மூலம் கற்றுக்கொண்ட வழிகள், விபிஎன் சுரங்கத்தின் (இணையத்தின் ஊடே செல்லும் மறையாக்கப்பட்ட இணைப்பின்) மறுமுனையில் இருப்பவை என்று நான்கு வகையாக அதைப் பிரித்துப் பார்த்தால், எதை எப்படி ஸ்கேன் செய்ய வேண்டும் என்பதில் பாதி விளங்கிவிடும்.

நான் பராமரிக்கும் நெட்வொர்க்கை ஒத்த ஒரு கல்லூரி வளாகத்தை, முகவரிகளை மாற்றி, எடுத்துக்காட்டாகத் தருகிறேன். மாணவர் வைஃபைக்கு 10.20.8.0/22. அலுவலகத்துக்கு 10.20.16.0/24, ஆய்வகங்களுக்கு 10.20.17.0/24, சிசிடிவி கேமராக்களுக்கு 10.20.40.0/24, பிரின்டர்களுக்கு 10.20.50.0/24, மின்னாக்கி, லிஃப்ட், குளிரூட்டி ஆகியவற்றின் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு 10.20.60.0/24, ஸ்விட்ச்களின் நிர்வாகத்துக்கு 10.20.99.0/24. வீட்டில் இருந்து விபிஎன் மூலம் நுழையும் ஊழியர்களுக்கு 10.20.200.0/24 ஒதுக்கப்பட்டுள்ளது. நகரின் மறுபக்கத்தில் உள்ள கிளை அலுவலகம் விபிஎன் சுரங்கத்தின் அப்பால் 192.168.70.0/24-இல் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து 3,072 முகவரிகள். ஒரு கோடியே 78 லட்சத்தின் முன் இது ஒன்றுமே இல்லை. அதே நிதானமான வேகத்தில் முழுச் சுற்று அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பதில் வராத முகவரிகளுக்கு மறுமுறை அனுப்பிப் பார்ப்பதையும் சேர்த்தாலும் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களில் எடுக்கப்பட்ட பட்டியல் ஒரு தருணத்தின் நிலை என்று கொள்ளத்தக்கது.

வரம்பை எழுதும் முறையில் சிறியவை போலத் தோன்றும் சில விஷயங்கள் பெரிய இடைவெளிகளை உண்டாக்குகின்றன. முதலாவது, மாஸ்க்கின், அதாவது சாய்கோட்டுக்குப் பின் வரும் எண்ணின், எல்லை. 10.20.30.0 முதல் 10.20.33.255 வரை நான்கு சப்நெட்களை ஸ்கேன் செய்ய நினைக்கும் ஒருவர் 10.20.30.0/22 என்று எழுதுகிறார் என்று வையுங்கள். /22 என்பது மூன்றாம் எண் நான்கால் வகுபடும் இடத்தில்தான் தொடங்க முடியும். ஆகவே அவர் எழுதியதன் உண்மைப் பொருள் 10.20.28.0 முதல் 10.20.31.255 வரை என்பதுதான். சில கருவிகள் இதைப் பிழை என்று திருப்பி அனுப்பும். என்மேப் ஏற்றுக்கொண்டு, மாஸ்க்கின்படி 28-இல் இருந்து தொடங்கிவிடும். விளைவாக 32, 33 ஆகிய இரண்டு சப்நெட்கள் ஒருபோதும் ஸ்கேன் ஆவதில்லை. கேட்காத 28, 29 ஸ்கேன் ஆகின்றன. திரையில் எந்த எச்சரிக்கையும் வருவதில்லை என்பதால், இந்த வகை இடைவெளி ஆண்டுக்கணக்கில் நீடிக்கக் கூடியது. நான்கு சப்நெட்களும் வேண்டுமென்றால் 10.20.30.0/23, 10.20.32.0/23 என்று இரண்டு வரிகளாக எழுத வேண்டும்.

இரண்டாவது, இடைக்கோடு. 10.20.16.1-50 என்று என்மேப்பில் எழுதினால் கடைசி எண் 1 முதல் 50 வரை என்று பொருள். ஃபயர்வால்களின் வரம்புக் கட்டத்தில் பொதுவாகத் தொடக்க முகவரியையும் முடிவு முகவரியையும் முழுமையாக எழுத வேண்டும். பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளில் நெட்வொர்க் வகை ஏலியாஸில் (முகவரித் தொகுப்புக்கு இடும் பெயரில்) இப்படி ஒரு வரம்பைக் கொடுத்தால், அதற்கு இணையான சப்நெட்களாக அதுவே பிரித்துக்கொள்கிறது: 192.168.40.50 முதல் 192.168.40.80 வரை உள்ள 31 முகவரிகள் 50/31, 52/30, 56/29, 64/28, 80/32 என்று ஐந்து துண்டுகளாக மாறிவிடும். கணக்கு சரிதான், ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு அந்த ஐந்து வரிகளும் ஒரே வரம்பு என்பது புலப்படாது. ஆகவே விளக்கக் கட்டத்தில் மூல வரம்பை எழுதி வைப்பது அவசியம். ஓபிஎன்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வால் மென்பொருளில் ஒரு முகவரியின் முன் ஆச்சரியக்குறியிட்டு அதை ஏலியாஸில் இருந்து விலக்க முடிகிறது. பெரிய வரம்பில் இரண்டு மூன்று சாதனங்களை மட்டும் தவிர்க்க வேண்டியபோது வரம்பைத் துண்டு துண்டாக்குவதைவிட அது தெளிவானது.

மூன்றாவது, 0 என்றும் 255 என்றும் முடியும் முகவரிகள். /24-இல் இவை சப்நெட் முகவரியும் எல்லாச் சாதனங்களுக்கும் சேர்த்து அனுப்பும் ப்ராட்காஸ்ட் முகவரியும் ஆகும், விட்டுவிடலாம். ஆனால் மாணவர் வைஃபை போன்ற /22-இல் 10.20.8.255, 10.20.9.0 ஆகியவை சாதாரண முகவரிகளே; முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி அவற்றை ஒரு கைபேசிக்குத் தாராளமாகக் கொடுக்கும். பழக்கத்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் 1 முதல் 254 வரை என்று வரம்பெழுதுபவர்கள் அந்த /22-இல் ஆறு முகவரிகளைக் கண்ணில் படாமல் விட்டுவிடுகிறார்கள்.

வரம்பைவிட நான் முக்கியமாகக் கருதுவது, அந்த வரம்பு எங்கிருந்து ஸ்கேன் செய்யப்படுகிறது என்பது. ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரியை) கண்டறியும் ஆர்ப் நெறிமுறை 1982-ஆம் ஆண்டில் ஆர்எஃப்சி 826-ஆக வெளியானது. அது ஒரே விலானுக்குள் (ஸ்விட்ச்சில் தனியே பிரித்த நெட்வொர்க் பகுதிக்குள்) மட்டுமே இயங்கும், ரவுட்டரைத் தாண்டாது. இதனால் இரண்டு விளைவுகள். ஒரு சாதனத்தின் மேக் முகவரியை அதே விலானில் கால் வைத்திருப்பவர் மட்டுமே பார்க்க முடியும். அத்துடன், விண்டோஸ் கணினி தன் ஃபயர்வாலால் பிங்கைத் தடுத்து வைத்திருந்தாலும், அதே விலானில் இருந்து வரும் ஆர்ப் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அதனால் நெட்வொர்க்கில் இயங்கவே முடியாது. ஒரு ஸ்கேனர் கணினியை அலுவலக விலானில் வைத்துவிட்டு அங்கிருந்து ஆய்வக விலானைப் பிங் மூலம் தேடினால், பிங்கைத் தடுத்திருக்கும் கணினிகள் எல்லாம் இல்லாதவையாகப் பதிவாகும். தென்பட்டவற்றுக்கும் மேக் முகவரி கிடைக்காது. எல்லா விலான்களுக்கும் கேட்வேயாக (வெளியேறும் வாயிலாக) இருக்கும் ஃபயர்வாலுக்கோ ஒவ்வொரு விலானிலும் ஒரு கால் இருக்கிறது. அங்கிருந்து ஸ்கேன் செய்யும்போது ஆர்ப் மூலமே உயிர்ப்பைச் சோதிக்கலாம். ஃபயர்வாலில் இந்த வேலையைச் செய்வதற்கு உள்ள மிக வலுவான நியாயம் இதுதான்.

ஆகவே வரம்பை அமைக்கும்போது ஒவ்வொரு வரியையும் அதற்குரிய இன்டர்ஃபேஸோடு (ஃபயர்வாலின் இணைப்பு முனையோடு) இணைக்க வேண்டும். நேரடியாக இணைந்த விலான்களுக்கு ஆர்ப் முறை. ஃபயர்வாலுக்கு உட்புறம் ரவுட்டர் வேலையும் செய்யும் எல்3 ஸ்விட்ச் ஒன்று கேட்வேயாக இருந்தால், அதன் பின்னால் இருக்கும் விலான்களில் ஃபயர்வாலுக்குக் கால் இல்லை. அங்கே பிங்கும், இணைப்புக் கோரிப் பார்க்கும் டிசிபி தேடலும் பாதி உண்மையைத்தான் தரும். அந்த ஸ்விட்ச்சின் ஆர்ப் டேபிளை எஸ்என்எம்பி என்ற நிர்வாக நெறிமுறை மூலம் வாங்கி இணைத்துக்கொள்வதே வழி. விபிஎன் பயனர்களுக்கான 10.20.200.0/24-ஐ ஸ்கேன் செய்ய வேண்டிய தேவையே இல்லை; யார் எந்த முகவரியில் இணைந்திருக்கிறார் என்பது விபிஎன் செஷன் பட்டியலிலேயே இருக்கிறது. கிளை அலுவலகத்தை அங்குள்ள ஃபயர்வாலே ஸ்கேன் செய்து முடிவை மையத்துக்கு அனுப்பட்டும். சுரங்கத்தின் வழியாக இங்கிருந்து தேடினால் மேக் முகவரியும் கிடைக்காது, மெதுவான இணைப்பும் அடைபடும்.

இல்லாத சாதனங்கள் இருப்பதாகத் தோன்றும் சூழல்களும் உண்டு. ஸ்கேனர் வேறொரு ஃபயர்வாலைக் கடந்து போகும்போது, அந்த ஃபயர்வாலின் விதி பாக்கெட்டை மௌனமாகக் கைவிடாமல் மறுப்புப் பதில் அனுப்புவதாக இருந்தால், அந்தப் பதிலைச் சாதனத்தின் பதிலாக ஸ்கேனர் எடுத்துக்கொள்ளும். இணைப்புக் கோரிக்கைகளைக் கொட்டித் திணறடிக்கும் எஸ்ஒய்என் வெள்ளத் தாக்குதலைத் தடுக்க ஃபயர்வால் தானே முன்வந்து இணைப்பை ஏற்கும் ஏற்பாடு இருந்தால், 254 முகவரிகளும் உயிரோடு இருப்பதாகவும் எல்லாப் போர்ட்டுகளும் (சேவைகளுக்கான எண்ணிட்ட வாயில்களும்) திறந்திருப்பதாகவும் அறிக்கை வரும். பிறருக்காக ஒரு பெட்டியே பதில் சொல்லும் பிராக்ஸி ஆர்ப் இயங்கும் விலானிலும் அப்படியே. ஒரு சப்நெட்டில் எல்லா முகவரிகளும் நிரம்பியிருப்பதாக அறிக்கை வந்தால், மேக் முகவரிகளைப் பாருங்கள். அனைத்தும் ஒன்றாகவே இருந்தால் பதில் சொல்வது நடுவில் நிற்கும் பெட்டி.

இப்போது விலக்குப் பட்டியல். ஸ்கேன் என்பது தீங்கற்ற பார்வை என்ற எண்ணம் அலுவலகக் கணினிகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. கட்டுப்பாட்டுக் கருவிகள் இருக்கும் இடத்தில் அது ஆபத்தான எண்ணம். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் பாதுகாப்புக்கென வெளியிட்ட 800-82 என்னும் வழிகாட்டியில் நடந்த சம்பவங்களையே பதிவு செய்திருக்கிறது. 9 அடி நீளமுள்ள இயந்திரக் கைகளை இயக்கும் நெட்வொர்க்கில் பிங் சுற்று ஒன்றை ஓட்டியபோது, காத்திருப்பு நிலையில் இருந்த ஒரு கை தானாக உயிர்பெற்று 180 டிகிரி சுழன்றது. இன்னோரிடத்தில் சாதனங்களைக் கணக்கெடுப்பதற்காகவே ஓட்டிய பிங் சுற்று, சிப் தயாரிப்பைக் கட்டுப்படுத்திய அமைப்பை உறையச் செய்து 50,000 டாலர் மதிப்புள்ள சிலிக்கான் வில்லைகளைப் பாழாக்கியது. இரண்டு இடங்களிலும் போர்ட் ஸ்கேன்கூட நடக்கவில்லை, வெறும் பிங்தான். என் எடுத்துக்காட்டு வளாகத்தில் லிஃப்ட், மின்னாக்கிக் கருவிகள் இருக்கும் 10.20.60.0/24-ஐ நான் பாக்கெட் அனுப்பித் தேடும் ஸ்கேனில் சேர்ப்பதில்லை. அந்த விலானில் கேட்வேயாக இருக்கும் ஃபயர்வாலின் ஆர்ப் டேபிளையும், ஸ்விட்ச்சின் மேக் டேபிளையும் படித்தாலே அங்கு என்னென்ன இருக்கின்றன என்பது பெருமளவு தெரிந்துவிடும். நாம் எதையும் அனுப்பாமல், அவை பேசுவதைக் கேட்டு அறியும் முறை அது. மருத்துவமனைகளில் நோயாளியின் அருகில் இருக்கும் கருவிகளுக்கும் இதையே நான் பரிந்துரைப்பேன்.

பிரின்டர்களின் சிக்கல் வேறு வகை. பெரும்பாலான நெட்வொர்க் பிரின்டர்கள் 9100 என்ற டிசிபி போர்ட்டில் வருவது எதுவானாலும் அச்சிடத் தொடங்கிவிடும். அந்தப் போர்ட்டில் என்ன சேவை இயங்குகிறது என்று கண்டறிய ஸ்கேனர் அனுப்பும் எழுத்துகள் பக்கம் பக்கமாகத் தாளில் வந்து விழும். என்மேப் இதற்காகவே தன் சேவைக் கண்டறிதலில் 9100 முதல் 9107 வரையான போர்ட்டுகளை இயல்பாகவே விலக்கி வைத்திருக்கிறது. மற்றக் கருவிகளில் அந்த விலக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே 10.20.50.0/24-ஐச் சேர்க்க வேண்டும். முகவரியை விலக்குவதைவிடப் போர்ட்டை விலக்குவது இங்கே மேல். பிரின்டர்கள் பழைய மென்பொருளோடு ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரற்று ஓடுபவை என்பதால் அவற்றைப் பட்டியலில் இருந்தே தொலைத்துவிடுவது நல்லதல்ல. ஃபயர்வாலின் சொந்த இன்டர்ஃபேஸ் முகவரிகளையும் விலக்குப் பட்டியலில் எழுதிவிட வேண்டும். இல்லையெனில் ஒரே பெட்டி ஒவ்வொரு விலானிலும் தனித்தனிச் சாதனமாக எண்ணப்படும்.

வரம்பின் அளவு ஃபயர்வாலின் மீதே ஒரு சுமை என்பதை மறந்துவிடக் கூடாது. ஸ்கேனர் தனிக் கணினியாக இருந்து அதன் பாக்கெட்டுகள் ஃபயர்வாலைக் கடக்கும்போது, ஒவ்வொரு தேடலும், நடப்பு இணைப்புகளைக் குறித்துவைக்கும் செஷன் டேபிளில் ஒரு பதிவை உண்டாக்குகிறது. பதில் வராத டிசிபி தேடலின் பதிவு, லினக்ஸின் இயல்பு அமைப்பிலும் பிஎஃப்சென்ஸ் சார்ந்திருக்கும் பிஎஃப் என்ற வடிகட்டியின் இயல்பு அமைப்பிலும் 120 விநாடிகள் தங்கும். விநாடிக்கு 1,000 தேடல்கள் என்ற வேகத்தில், ஆளில்லாத முகவரிகளை ஸ்கேன் செய்தால், எந்நேரமும் 1,20,000 பதிவுகள் அங்கே குந்தியிருக்கும். பிஎஃப்சென்ஸ் தன் நினைவகத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குகிறது. ஒரு பதிவுக்கு ஏறத்தாழ 1 கிலோபைட் என்பதால் 4 ஜிபி நினைவகமுள்ள பெட்டியில் சுமார் 4 லட்சம் பதிவுகள்தான் இடங்கொள்ளும். நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஸ்கேனே எடுத்துக்கொண்டால், தேர்வு நேரத்தில் மாணவர்களின் இணைப்புகளுக்கு இடம் இல்லாமல் போகலாம். ஃபயர்வாலே ஆர்ப் மூலம் ஸ்கேன் செய்யும்போது செஷன் டேபிள் நிரம்பாது. ஆனால் லினக்ஸ் அடிப்படையிலான பெட்டிகளில் அண்டை முகவரி டேபிளின் (ஆர்ப் டேபிளின்) உச்ச வரம்பு இயல்பாக 1,024 பதிவுகள்தான். அதை உயர்த்தாமல் 4,096 முகவரிகள் உள்ள ஒரு /20-ஐ வேகமாகத் தேடினால், பதில் வராத பதிவுகள் அந்த டேபிளை நிரப்பி, உண்மையான கணினிகளின் பதிவுகளுக்கு இடமில்லாமல் செய்துவிடும். பெரிய விலானை /24 துண்டுகளாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக ஸ்கேன் செய்யும்படி அமைப்பது இதற்கு எளிய தீர்வு.

தன் ஸ்கேனரைத் தானே தாக்குபவராகக் கருதித் தடுத்துவிடும் ஃபயர்வால்களும் உண்டு. ஃபோர்டிகேட் ஃபயர்வாலின் டாஸ் கொள்கையில் (வெள்ளத் தாக்குதல் தடுப்பு விதிகளில்) பிங் சுற்றைக் கண்டறியும் இயல்பு வரம்பு 100. அந்தக் கொள்கை தடுக்கும் நிலையில் இயங்கினால், வேகமான ஸ்கேன் நடுவிலேயே அறுந்து, வரம்பின் பிற்பாதி காலியாக இருப்பதாக அறிக்கை வரும். இதைச் சரிசெய்ய அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள், அது கூடாது. ஸ்கேனரின் ஒற்றை முகவரிக்கு மட்டும் விதிவிலக்கு எழுதி, அந்த முகவரியை வேறு எவரும் எடுத்துக்கொள்ள முடியாத தனி விலானில் அதை வைக்க வேண்டும்.

சரியாக எழுதப்பட்ட வரம்பும் பார்க்க முடியாத சாதனங்கள் இருக்கின்றன. தொழிற்சாலையில் இருந்து 192.168.1 என்று தொடங்கும் முகவரியோடு வந்த ஒரு கேமராவை, அமைப்பை மாற்றாமல் ஒருவர் 10.20.40.0/24 விலானில் செருகிவிட்டால், அது மின்சாரம் பெற்று ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் நம் வரம்பில் இருக்காது. ஸ்விட்ச்சின் மேக் டேபிளில் இருந்து, ஃபயர்வாலின் ஆர்ப் டேபிளில் இல்லாத மேக் முகவரிகளைப் பிரித்தெடுத்துப் பார்ப்பது இத்தகையவற்றைப் பிடித்துத் தரும். விடுதி அறையில் ஒரு மாணவர் சொந்தமாக வைத்த வைஃபை ரவுட்டரின் பின்னால் ஐந்து கருவிகள் இருந்தாலும் ஒரே முகவரிதான் தெரியும். கைபேசிகளைப் பொறுத்தவரை, 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும் அவை வைஃபையில் தம் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல் தற்செயலான ஒன்றைக் காட்டுகின்றன. மேக் முகவரியின் இரண்டாம் எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால் அது உற்பத்தியாளர் தந்த முகவரி அன்று என்று அறியலாம். இதனால் மாணவர் வைஃபை வரம்பை நிறுவனத்தின் சாதனப் பட்டியலோடு கலக்காமல் தனி அறிக்கையாக வைத்திருக்கிறேன். கலந்தால் பட்டியல் நாள்தோறும் வீங்கிக்கொண்டே போகும்.

ஐபி முகவரிகளின் புதிய வடிவமான ஐபிவி6-க்கு வரம்பு எழுதும் முறையே செல்லாது. ஒரேயொரு /64 சப்நெட்டில் 2-இன் 64 அடுக்கு முகவரிகள். விநாடிக்குப் பத்து லட்சம் வீதம் தேடினாலும் முடிய ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அங்கே ஃபயர்வாலின் அண்டை முகவரி டேபிளையும், டிஹெச்சிபிவி6 பதிவுகளையும், பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸையும் படித்துத்தான் பட்டியல் தயாரிக்க முடியும். ஐபிவி6-ஐ நாங்கள் அமைக்கவே இல்லை என்று சொல்லும் வளாகத்திலும் விண்டோஸும் கைபேசிகளும் அதை இயல்பாகவே இயக்கி வைத்திருக்கும் என்பதால், அந்த டேபிளை ஒருமுறையேனும் திறந்து பார்த்துவிடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு இரண்டு அளவுகோல்கள் உள்ளன. 2021-இல் வெளியான, இணையப் பாதுகாப்புக்கான சிஐஎஸ் கட்டுப்பாடுகளின் 8-ஆம் பதிப்பு, பாக்கெட் அனுப்பித் தேடும் கண்டறிதலை நாள்தோறும் அல்லது அதற்கும் அடிக்கடி நடத்தச் சொல்கிறது. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2022 அக்டோபரில் பிறப்பித்த 23-01 உத்தரவு, அந்நாட்டு மத்திய அரசு அலுவலகங்கள் தாங்கள் பயன்படுத்தும் ஐபிவி4 முகவரிகள் முழுவதையும் 7 நாளுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்ய வேண்டும் என்கிறது. வரம்பு சிறியதாகவும் பிரிவு பிரிவாகவும் இருந்தால் நாள்தோறும் என்பது கடினமே அல்ல. அலுவலக விலானைப் பகல் 11 மணியளவிலும், கேமராக்களை எந்நேரத்திலும் ஸ்கேன் செய்யலாம். இரவு மட்டும் ஓடும் ஸ்கேன் வீட்டுக்குப் போகும் மடிக்கணினிகளை ஒருபோதும் காணாது. முடிவுகளை நேரத்தோடு சேமித்து வையுங்கள். இந்தியாவில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவின்படி இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். லாக்கில் இருக்கும் 10.20.9.37 அன்றைக்கு எந்தச் சாதனம் என்று சொல்ல முடியாவிட்டால், அந்த ஆறு மணி நேரமும் அதைத் தேடுவதிலேயே கழிந்துவிடும்.

வரம்பைப் பராமரிக்க நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. ரவுட்டிங் டேபிளில் இருந்து எல்லா உள் சப்நெட்களையும் எடுத்து, அவற்றில் இருந்து ஸ்கேன் வரம்பையும் விலக்குப் பட்டியலையும் கழிக்கும் சிறிய பைத்தான் நிரல் ஒன்று வாரந்தோறும் ஓடுகிறது. பைத்தானில் உள்ளமைந்த ஐபி முகவரி நூலகமே இதற்குப் போதும். மீதி எதுவும் இருக்கக் கூடாது. மீதி இருந்தால், எவரோ புதிய விலானை உருவாக்கி ஸ்கேனில் சேர்க்கவில்லை என்று பொருள். எதிர்ப்பக்கக் கழித்தலையும் அது செய்கிறது: ஸ்கேன் வரம்பில் இருந்தும் ரவுட்டிங் டேபிளில் இல்லாத சப்நெட், மூடப்பட்ட கிளை அலுவலகம் ஒன்றின் எச்சமாக இருக்கலாம், அதை அன்றே நீக்கிவிட வேண்டும். விலக்குப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும், யார் கேட்டு விலக்கப்பட்டது, எதற்காக, எந்தத் தேதியில் மறுபடி பார்க்க வேண்டும் என்ற மூன்றும் விளக்கக் கட்டத்தில் இருக்கின்றன. தேதி கடந்த வரிகளை அதே நிரல் தனியே எடுத்துக் காட்டுகிறது.